நாற்பதைக் கடந்தபின் புதிய தொழிலுக்கு மாறுவது எப்படி: கடலூர், புதுச்சேரி வட்டாரத்தாருக்கு ஒரு வழிகாட்டி

நெய்வேலியின் முதல் அனல் மின் நிலையம் 1962-இல் மின் உற்பத்தியைத் தொடங்கி, 2020-இல் நிறுத்தப்பட்டது. புதுச்சேரியில் 1898-இல் தொடங்கிய ஏ.எஃப்.டி. பஞ்சாலையும் அதே 2020-இல் மூடப்பட்டது. தலைமுறை தலைமுறையாகச் சோறு போட்ட இரண்டு ஆலைகளின் கதை ஒரே ஆண்டில் முடிந்தது. ஆனால் அந்த மின் நிலையத்தை நடத்திய என்.எல்.சி. நிறுவனம் இதற்கிடையில் ஆயிரம் மெகாவாட்டுக்கும் மேற்பட்ட திறனில் சூரிய மின் நிலையங்களை நிறுவியிருக்கிறது. ஒரு நிறுவனம் தன் தொழிலை மாற்றிக்கொள்ள முடிவு செய்தால் அதைத் திட்டமிட்டுத் தர அதற்குத் தனிப் பிரிவே இருக்கிறது. நாற்பத்தாறு வயதில், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகளோடும் தீராத வீட்டுக் கடனோடும் அதே முடிவை எடுக்க வேண்டியிருக்கும் ஃபிட்டருக்கோ கணக்கருக்கோ அப்படி எவரும் இல்லை. அவருக்காகவே இதை எழுதுகிறேன்.

நான் வலியுறுத்த விரும்புவது ஒன்றுதான். புதிதாக வளரும் தொழில்களில் ஆள் கிடைக்காமல் திண்டாடுவது பெரும்பாலும் அவற்றின் பழைய பகுதியில்தான். சோலார் பேனலைப் பற்றிப் பேச இளைஞர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். கடற்காற்றுக்கு அசையாதபடி இரும்புச் சட்டத்தை நிறுத்தத் தெரிந்தவர்கள் குறைவு. மின்சார வண்டியின் செயலியை இயக்கத் தெரிந்தவர்கள் ஏராளம்; வாடிக்கையாளர் சொல்லும் சத்தத்தைக் கேட்டே பேரிங் போயிருக்கிறது என்று சொல்பவர்கள் சிலரே. இருபது ஆண்டுகள் வேலை பார்த்த ஒருவர் நுழைய வேண்டிய வாசல் அங்கேதான் இருக்கிறது. பிள்ளைகளின் வயதில் இருப்பவர்களோடு அவர்களுக்குப் பழக்கமான துறையிலேயே போட்டி போடுவது வீண் உழைப்பு.

பதவியை மறந்து, வேலையைப் பிரித்துப் பாருங்கள்

"நீங்கள் என்ன வேலை பார்க்கிறீர்கள்?" என்று கேட்டால் நாம் பதவியின் பெயரைச் சொல்கிறோம். சிப்காட்டில் ஆபரேட்டர், மில்லில் ஃபிட்டர், முந்திரி மண்டியில் கணக்குப்பிள்ளை என்று சொல்லும்போது, அந்தத் தொழில் நலிந்தால் அந்தப் பெயரும் சேர்ந்து நலிந்துவிடுகிறது. ஆகவே ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து, கடந்த ஒரு மாதத்தில் நீங்கள் உண்மையில் செய்த காரியங்களை ஒவ்வொன்றாக எழுதுங்கள். எழுதும்போது வினைச்சொற்களாகவே எழுதுவது நல்லது: அளந்தேன், பிரித்தேன், பூட்டினேன், பேரம் பேசினேன், பதிவேட்டில் குறித்தேன், புதியவருக்குச் சொல்லிக் கொடுத்தேன்.

கடலூர் சிப்காட்டில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையின் ஆபரேட்டரை எடுத்துக்கொள்வோம். அவர் எழுதிப் பார்த்தால் அந்தப் பட்டியலில் இவை இருக்கும்: ஷிப்ட் மாறும்போது அடுத்தவரிடம் நிலவரத்தைச் சொல்லி ஒப்படைத்தல், பி.எச். எனும் அமில-கார அளவு பார்த்தல், பம்பும் வால்வும் பழுதானால் ஓசையிலேயே கண்டுபிடித்தல், வேலை அனுமதிச் சீட்டு இல்லாமல் தொட்டிக்குள் எவரையும் இறங்க விடாதிருத்தல், தணிக்கைக்கு வரும் அதிகாரியிடம் பதிவேட்டைக் காட்டி விளக்குதல். இந்த ஐந்தும் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு அப்படியே தேவைப்படுபவை. கழிவுநீரைச் சொட்டுகூட வெளியே விடாமல் மறுபடி பயன்படுத்தும் ஏற்பாடுகளும், புகை மற்றும் கழிவுநீரின் அளவீடுகளை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு நேரலையாக அனுப்பும் கருவிகளும் பல ஆலைகளுக்குக் கட்டாயமாகிவிட்டன. மருத்துவமனைகளிலும் பெரிய குடியிருப்புகளிலும் விடுதிகளிலும்கூடச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்துவிட்டன. அவற்றில் பல, பொறுப்பாகப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் பெயருக்கு ஓடுகின்றன. ரசாயன ஆலையில் ஷிப்ட் பார்த்தவர் சவ்வூடு வடிகட்டல் பற்றியும் நுண்ணுயிரிகளைக் கொண்டு கழிவைச் சிதைக்கும் முறை பற்றியும் சில மாதங்கள் படித்தால் போதும். அந்த இடத்தில் புதிதாகப் பட்டம் பெற்று வருபவரைவிட அவருக்கு மதிப்பு அதிகம். சுற்றுச்சூழல் துறை என்றாலே முதுகலைப் பட்டம் வேண்டும் என்ற பயத்தில் இந்த வழியைப் பலர் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை என்பது எனக்கு வருத்தம் தரும் ஒன்று.

பட்டியலை எழுதி முடித்ததும், ஒவ்வொரு வரிக்கும் எதிரே "இதற்கு வேறு யார் பணம் கொடுப்பார்கள்?" என்ற கேள்விக்குப் பதில் எழுதுங்கள். பதில் தெரியாத வரிகளை வெற்றிடமாக விட்டுவிடுங்கள். அந்த இடங்களை நிரப்ப, உங்கள் தொழிலில் இல்லாத நான்கைந்து பேரிடம் நோட்டைக் காட்டிக் கேட்பதுதான் நல்ல வழி. ஒரே ஆலையில் வேலை பார்க்கும் நண்பர்களுக்கும் உங்களுக்குத் தெரிந்தது மட்டுமே தெரியும்.

சூரிய மின்சாரம்: நம் கடற்கரைக்கு ஏற்ற வாசல்

இந்த வட்டாரத்தில் நடுத்தர வயதினருக்கு மிக எளிதாகத் திறக்கும் துறை வீட்டுக் கூரை சோலார் என்பது என் கணிப்பு. ஆகவே இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் ஒரு கோடி வீடுகளுக்குச் சோலார் அமைக்க இலக்கு வைக்கப்பட்டு, 2026-27 நிதியாண்டு வரை காலம் குறிக்கப்பட்டுள்ளது. ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் என்று மானியம் கிடைக்கிறது. ஒரு கிலோவாட் பேனல் நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். அதற்கு நிழல் விழாத ஏறத்தாழ 100 சதுர அடி இடம் வேண்டும்.

இத்தொழிலில் நேர்மையாக நிலைக்க விரும்புபவர் முதலில் மின் கட்டணத்தைப் படிக்கக் கற்க வேண்டும். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம்; பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடுகிறது. ஆகவே இரண்டு மின்விசிறியும் ஒரு தொலைக்காட்சியும் ஓடும் வீட்டுக்குச் சோலாரால் பெரிய லாபம் இல்லை, இரண்டு ஏ.சி. ஓடும் வீட்டுக்கு நல்ல லாபம் உண்டு. புதுச்சேரியில் மின் துறையும் கட்டணமும் வேறு, ஆகவே அங்கே கணக்கும் வேறு. வீட்டுக்காரரின் பழைய பில்லை வாங்கிப் பார்த்து, "உங்களுக்கு இப்போது வேண்டாம்" என்று சொல்லத் துணிந்தவருக்கு அடுத்த தெருவிலிருந்து அழைப்பு வரும். ஊரில் இருபது ஆண்டுகள் நல்ல பெயரோடு வாழ்ந்தவர்களால்தான் இதைச் செய்ய முடியும்.

தேவனாம்பட்டினம் பக்கம் ஒரு மொட்டை மாடியில் நான் பார்த்ததைச் சொன்னால் இது இன்னும் தெளிவாகும். பேனல்களைப் பொருத்தி முடித்த இளைஞர்கள் கீழே இறங்கித் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். முன்பு ஆலையில் ஃபிட்டராக இருந்த, ஐம்பது வயதைத் தொட்ட ஒருவர் மட்டும் மேலேயே இருந்தார். ஒவ்வொரு நட்டையும் மறுபடி முறுக்கிப் பார்த்து, இறுகியதும் நட்டின் மீதும் சட்டத்தின் மீதும் சேர்த்து மார்க்கர் பேனாவால் ஒரு கோடு இழுத்தார். பின்னாளில் நட்டு தளர்ந்தால் அந்தக் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும். பிறகு தரையில் கிடந்த ஒயர்களை எடுத்து, வெயிலில் கொதிக்கும் தளத்தில் படாதபடி சட்டத்தோடு சேர்த்துக் கட்டினார். வீட்டு அம்மா மேலே வந்து, "ஏன்பா, மத்தவங்க எல்லாம் எறங்கிட்டாங்களே, நீ இன்னும் என்ன பண்ற?" என்று கேட்டார். "காத்து அடிச்சா தாங்கணும்மா. தானே புயல்ல இந்தத் தெருவுல தகரம் பறந்ததப் பாத்தவன்மா நான்" என்றார் அவர். 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய தானே புயலைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பதிலில் பாதி வார்த்தையே போதும்.

உப்புக்காற்று இங்கே இன்னொரு முக்கியச் செய்தி. சாதாரண வண்ணம் பூசிய இரும்புச் சட்டம் கடற்கரையோரத்தில் சில ஆண்டுகளிலேயே துருப்பிடித்துவிடும்; துத்தநாகத்தில் முக்கி எடுத்த சட்டமும் துருப்பிடிக்காத எஃகு நட்டு போல்ட்டும் அவசியம். எர்த்திங் கம்பி இணையும் இடத்திலும் பேனல்களை இணைக்கும் கனெக்டர்களிலும் உப்பு படிந்தால் சூடேறும். ஆகவே நிறுவுவதைப் போலவே பராமரிப்பும் ஒரு தனித் தொழிலாக வளரும் என்பது உறுதி. துப்புரவு, இறுக்கம் பார்த்தல், இன்வெர்ட்டர் காட்டும் பிழைக் குறியீட்டைப் படித்தல், மரம் வளர்ந்து விழும் நிழலைக் கவனித்தல் ஆகியவற்றுக்கு ஆண்டுச் சந்தா முறையில் ஐம்பது வீடுகளைக் கையில் வைத்திருப்பவருக்கு நிலையான வருமானம் உண்டு.

நுழையும் வழியும் எளிதுதான். பிரதமரின் சூரிய வீடு திட்டத்தின் தேசிய இணையதளத்தில் பதிவு பெற்ற நிறுவனங்களின் பட்டியல் மாநில வாரியாக இருக்கிறது. உங்கள் ஊருக்கு அருகில் இருப்பவற்றைக் குறித்துக்கொண்டு நேரில் போய், வார இறுதியில் மட்டும் உதவியாளராக வரத் தயார் என்று சொல்லுங்கள். விண்ணப்பம், அந்த இணைப்பில் சோலார் அமைக்க முடியும் என்ற மின் நிறுவனத்தின் ஒப்புதல், நிறுவுதல், ஆய்வு, வாங்கும் மின்சாரத்தையும் திருப்பி அனுப்பும் மின்சாரத்தையும் அளக்கும் நெட் மீட்டர், மானியம் வங்கிக்கு வருதல் என்ற வரிசையையும், மானியத்துக்கு உள்நாட்டில் தயாரான செல்களைக் கொண்ட பேனல்தான் செல்லும் என்பதையும் மூன்று நான்கு வீடுகளில் கூடவே இருந்து பார்த்தால் கற்றுக்கொள்ளலாம்.

ஒயரிங் வேலையில் அனுபவம் இருந்து சான்று இல்லாதவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் நடத்தப்படும் மின் கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வுக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும்; உச்ச வயது வரம்பு கிடையாது. ஐந்தாண்டுகளுக்குக் குறையாத செய்முறை அனுபவம் வேண்டும். நாற்பத்தெட்டு வயதில் அந்தச் சான்றை வாங்குவதில் வெட்கம் ஏதுமில்லை.

மின்சார வண்டி, ட்ரோன், முதியோர் பராமரிப்பு

இரு சக்கர வாகன மெக்கானிக்குகள் மின்சார ஸ்கூட்டரைக் கண்டு அஞ்சுகிறார்கள். எஞ்சின் ஆயிலும் ஸ்பார்க் பிளக்கும் கார்புரேட்டரும் போய்விட்டன என்பது உண்மை. பிரேக், டயர், சஸ்பென்ஷன், பேரிங், விளக்கு ஆகியவை அப்படியே இருக்கின்றன. புதிதாகக் கற்க வேண்டியவை பேட்டரி, அதைக் கண்காணிக்கும் மின்னணுப் பலகை, கன்ட்ரோலர், மோட்டார் ஆகிய நான்கு மட்டுமே. ஒயரிங்கில் பழுது தேடிய அனுபவம் இருப்பவருக்கு மல்டிமீட்டர் புதியதல்ல. ஆயினும் பேட்டரிப் பெட்டியை முறையான பயிற்சி இல்லாமல் பிரிக்கவே கூடாது. கார்களில் மின்னழுத்தம் சில நூறு வோல்ட் என்பதால் அது உயிருக்கே ஆபத்து. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியபோதும், அடுத்த நாட்களில் தென்பெண்ணையில் வெள்ளம் வந்தபோதும் நம் பகுதியில் எத்தனையோ வண்டிகள் தண்ணீரில் நின்றன. வெள்ளத்தில் மூழ்கிய மின்சார வண்டியை உடனே சார்ஜ் போடக் கூடாது, காயவைத்துச் சோதித்த பிறகே தொட வேண்டும் என்பதை வாடிக்கையாளருக்கு எடுத்துச் சொல்லும் மெக்கானிக் ஒவ்வொரு தெருவுக்கும் தேவை.

ட்ரோன் பற்றி நிறையப் பேர் ஆசையோடு கேட்கிறார்கள். 2021-இல் வந்த ட்ரோன் விதிகளின்படி, பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் 18 முதல் 65 வரையிலான வயதும் உடையவர், அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் பயிற்சி முடித்தால் ட்ரோன் ஓட்டுவதற்கான தொலைவிமானிச் சான்று பெறலாம். மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு 80 சதவீதம், அதிகபட்சம் 8 லட்சம் ரூபாய் வரை மானியத்தில் ட்ரோன் வழங்கும் திட்டத்துக்கு 2023 நவம்பரில் ஒப்புதல் கிடைத்தது. பண்ருட்டி, விருத்தாசலம், காட்டுமன்னார்கோயில் பக்கம் நெல், கரும்பு வயல்களில் மருந்து தெளிக்க ஆள் கிடைக்காத நிலை எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் என் அறிவுரை நிதானமானது: சான்று வாங்குவது எளிது, வருமானம் பருவத்தைப் பொறுத்தது. விவசாயக் குடும்பத்தில் பிறந்து, எந்தப் பூச்சிக்கு எந்த மருந்து, காற்று எந்தப் பக்கம், எந்நேரத்தில் தெளித்தால் பயிர் கருகும் என்பதெல்லாம் தெரிந்தவர்களுக்கு மட்டும் இதைச் சொல்வேன். சொந்த ட்ரோனைக் கடனில் வாங்குவதற்கு முன் ஒரு சாகுபடிப் பருவம் முழுவதும் வேறொருவரிடம் கூலிக்கு ஓட்டிப் பாருங்கள். லாஸ்பேட்டை விமான நிலையத்தைச் சுற்றிய பகுதிகளில் இஷ்டம்போலப் பறக்கவிட முடியாது. எங்கே அனுமதி வேண்டும் என்பதை அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பெண்களுக்கும், பொறுமையான ஆண்களுக்கும் முதியோர் வீட்டுப் பராமரிப்பு பெரிதாக வளரும் துறை. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, பெற்றோர் மட்டும் வாழும் வீடுகள் இரண்டு ஊரிலும் பெருகிவிட்டன. புதுச்சேரியில் பிரெஞ்சு ஓய்வூதியம் பெறும் முதியவர்களும் இருக்கிறார்கள். மாமியாரையோ தந்தையையோ படுக்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டவர்களுக்கு இத்தொழிலின் கடினமான பகுதி ஏற்கெனவே தெரியும். இரத்த அழுத்தம், சர்க்கரை அளவு பார்த்தல், படுக்கைப் புண் வராமல் புரட்டிப் படுக்கவைத்தல், மருந்து அட்டவணை எழுதுதல் ஆகியவற்றில் முறையான பயிற்சி பெற்று, சான்றோடு போனால் வீட்டு வேலைக்காரியாக நடத்தப்படாமல் பராமரிப்பாளராக மதிக்கப்படுவீர்கள். வேலை நேரமும் செய்யும் பணிகளும் முதல் நாளே எழுத்தில் இருக்க வேண்டும்.

கணக்கு எழுதுபவர்களுக்குச் சுருக்கமாக ஒன்று. 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. வந்தது, 2023 ஆகஸ்ட் முதல் ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்களுக்கு இ-இன்வாய்ஸ் எனும் மின்னணு விலைப்பட்டியல் கட்டாயமானது. மண்டியில் பேரேடு எழுதியவருக்குச் சரக்கும் தெரியும், வியாபாரியின் மனமும் தெரியும். மென்பொருளை ஆறு மாதத்தில் கற்றுக்கொண்டு, பத்துச் சிறு வியாபாரிகளுக்கு மாதச் சந்தாவில் கணக்குப் பார்ப்பது, எங்கோ ஒரு நிறுவனத்தில் குறைந்த சம்பளத்துக்குச் சேர்வதைவிட மேல்.

வேலையை விடுவதற்கு முன் பணக் கணக்கு

புதிய தொழிலின் மீதுள்ள ஆர்வத்தில் பழைய வேலையிலிருந்து வர வேண்டியதைப் பலர் இழந்துவிடுகிறார்கள். வருங்கால வைப்பு நிதியோடு சேர்ந்த ஓய்வூதியத் திட்டத்தில் 10 ஆண்டுச் சேவை நிறைந்தால்தான் 58 வயதில் மாத ஓய்வூதியம் பெறும் உரிமை கிடைக்கும். ஒன்பதாவது ஆண்டில் நிற்பவர் சில மாதங்கள் பொறுத்திருப்பதே புத்திசாலித்தனம். பத்தாண்டு நிறையாமல் விலக நேர்ந்தால் ஓய்வூதியப் பணத்தை எடுத்துச் செலவழிக்காமல் திட்டச் சான்றிதழாக வாங்கி வைத்துக்கொண்டால், பின்னாளில் வேறு வேலையில் சேரும்போது பழைய சேவையும் கணக்கில் சேரும். பணிக்கொடைக்கு (கிராஜுவிட்டி) நிரந்தரப் பணியாளர் பொதுவாக ஐந்தாண்டு தொடர்ந்து பணியாற்றியிருக்க வேண்டும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இ.எஸ்.ஐ. மருத்துவ வசதி பெற்றவர்கள், வேலையை விட்டபின் சில காலத்தில் அது நின்றுவிடும் என்பதை நினைவில் வைத்து, குடும்பத்துக்கு வேறொரு மருத்துவக் காப்பீட்டை முன்கூட்டியே ஏற்பாடு செய்ய வேண்டும். ஐம்பது வயதுக்குப் பிறகு சர்க்கரையோ இரத்த அழுத்தமோ வந்தபின் புதிதாகக் காப்பீடு எடுத்தால் காத்திருப்புக் காலம் இருக்கும்.

கையில் எவ்வளவு வேண்டும்? வாடகை அல்லது வீட்டுத் தவணை, பள்ளிக் கட்டணம், மளிகை, மருந்து ஆகிய நான்கையும் கூட்டி, குறைந்தது ஒன்பது மாதத்துக்கான தொகை தனிக் கணக்கில் இருந்தால் மட்டும் வேலையை விடலாம் என்பது என் கருத்து. இதைக் கணவனும் மனைவியும் ஒரே காகிதத்தில் எழுதிப் பார்க்க வேண்டும். "நீ கவலைப்படாதே, நான் பாத்துக்கறேன்" என்று ஒருவர் மட்டும் சுமப்பதால் பிற்பாடு வருத்தமே மிஞ்சும். வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்துத் தொழில் தொடங்குவதை நான் ஒருபோதும் பரிந்துரைப்பதில்லை.

சொந்தத் தொழில் தொடங்க விரும்புபவர்களுக்குக் கடன் திட்டங்கள் உண்டு. சிலவற்றில் வயது வரம்பு குறுக்கே நிற்கும் என்பதால் முதலில் அதைக் கேட்டுவிட வேண்டும். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் 18 வயதுக்கு மேல் உச்ச வரம்பு இல்லை. சேவைத் தொழிலுக்கு 20 லட்சம், உற்பத்திக்கு 50 லட்சம் ரூபாய் வரை திட்ட மதிப்பு ஏற்கப்பட்டு, பிரிவையும் இடத்தையும் பொறுத்து 15 முதல் 35 சதவீதம் மானியம் கிடைக்கும். அத்திட்டத்துக்கு 2025-26 வரை ஒப்புதல் தரப்பட்டிருந்ததால் இப்போதைய நிலையை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டறிய வேண்டும். தமிழ்நாட்டின் கலைஞர் கைவினைத் திட்டம் 35 வயது நிறைந்த கைவினைத் தொழிலாளர்களுக்கானது. 3 லட்சம் ரூபாய் வரை கடனும், 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியமும் அதில் உண்டு.

கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே எல்லை இருக்கிறது என்பதை நாம் அன்றாடம் மறந்துவிடுகிறோம். ரெட்டிச்சாவடியில் வீடும் கிருமாம்பாக்கத்தில் வேலையுமாக வாழ்பவர்களுக்குப் பேருந்தில் எல்லை தெரிவதில்லை; விண்ணப்பத்தில் மட்டும் தெரியும். மாநிலத் திட்டங்களின் உதவிக்கு உங்கள் குடும்ப அட்டையும் ஆதார் முகவரியும் எந்தப் பக்கம் இருக்கின்றன என்பதே முக்கியம். புதுச்சேரிவாசிகள் தட்டாஞ்சாவடியிலுள்ள மாவட்டத் தொழில் மையத்துக்குப் போக வேண்டும். மின் வேலைக்கான உரிமமும் இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி.

கற்கும் இடத்தில் வயது

கிராமப்புற சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களில் கட்டணமில்லாமல் கற்கலாம், வயது வரம்பை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் பாடங்கள் என்.பி.டி.இ.எல். தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. சான்று வேண்டுமென்றால் தேர்வுக்கு மட்டும் கட்டணம். ஏற்கெனவே கைத்திறன் உள்ளவர்களுக்கு, முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையில் குறுகிய மதிப்பீட்டின் மூலமே சான்று பெற வழி இருக்கிறது. லட்சக்கணக்கில் கட்டணம் கேட்டு "வேலை உத்தரவாதம்" தரும் தனியார் வகுப்புகளை ஒதுக்குங்கள். எந்தப் படிப்பில் சேரும் முன்பும், அதை முடித்து இப்போது அந்த வேலையில் இருக்கும் இருவரிடம் பேசுங்கள். அப்படி இருவரை நிறுவனத்தால் காட்ட முடியாவிட்டால் சேர வேண்டாம்.

இணையத்தில் தட்டச்சு வேலை, வீட்டிலிருந்தே மாதம் அரை லட்சம் என்று சொல்லி முன்பணம் கேட்பவை மோசடி. வேலை கொடுப்பவர் நமக்குப் பணம் தருவார், நம்மிடம் கேட்கமாட்டார். ஏமாந்துவிட்டால் தயங்காமல் உடனே இணையக் குற்றங்களுக்கான 1930 என்ற உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். நேரம் போகப்போகப் பணம் திரும்பும் வாய்ப்பு குறையும்.

புதிய இடத்தில் உங்கள் மேற்பார்வையாளருக்கு இருபத்தேழு வயது இருக்கலாம். தனியே பேசும்போது அவர் உங்களை "அண்ணே" என்று அழைத்தாலும், வாடிக்கையாளர் முன் நீங்கள் அவரைத் "தம்பி" என்று கூப்பிடாதீர்கள். "சார்" என்றே அழையுங்கள். வேலையின் பொறுப்பு அவருடையது, அந்தச் சொல்லில் அது காக்கப்படுகிறது. தெரியாததை அன்றே கேளுங்கள். தெரிந்ததை அவர் கேட்கும்போது சொல்லுங்கள். ஆனால் ஆபத்து என்று கண்டால் கேட்கும்வரை காத்திருக்காமல் குறுக்கிடுங்கள். ஏணி சரிந்து நிற்கிறது, மின்சாரம் துண்டிக்கப்படவில்லை, பெல்ட் போடாமல் விளிம்பில் நிற்கிறான் என்பதையெல்லாம் முதலில் காண்பது பழகிய கண்ணே.

எப்போது விலகுவது

வார இறுதிகளிலும் விடுமுறைகளிலும் செய்யும் புதிய வேலையின் வருமானத்தையும் செலவையும் ஆறு மாதம் தனி நோட்டில் எழுதுங்கள். பேருந்துக் கட்டணம், கருவிகள், செல்போன் செலவு எல்லாம் அதில் வர வேண்டும். இப்போது தரும் நேரத்தைப் போல் மூன்று மடங்கு தந்தால் வீட்டின் நான்கு அடிப்படைச் செலவுகளையும் அது ஈடுகட்டுமா என்று கணக்கிடுங்கள். ஈடுகட்டும் என்றால் விலகலாம். பாதிதான் வரும் என்றால் இன்னொரு ஆறு மாதம் இருங்கள். மிகக் குறைவென்றால் தொழிலைவிட நுழைந்த இடம் தவறாக இருக்கலாம். பட்டியலில் அடுத்த வரிக்குப் போங்கள்.

விலகும்போது கோபத்தில் நின்றுவிடாமல் எழுத்தில் முன்னறிவிப்புக் கொடுத்து, விடுவிப்புக் கடிதமும் அனுபவச் சான்றும் பெறுங்கள். அனுபவச் சான்றில் பதவியும் தேதியும் மட்டும் இருந்தால் போதாது. என்னென்ன வேலை செய்தீர்கள் என்பதும் இருக்க வேண்டும். மேலாளருக்கு நேரமிருக்காது என்பதால், உங்கள் நோட்டிலிருந்து ஐந்தாறு வரிகளை நீங்களே தட்டச்சு செய்து கொண்டுபோய்க் கொடுத்து, அதையே கம்பெனித் தாளில் அச்சிட்டுக் கையொப்பமும் முத்திரையும் இடும்படி கேட்டுக்கொள்ளுங்கள். ஆலை மூடப்போவதாகப் பேச்சு அடிபட்டால் இதை இன்றே செய்யுங்கள். மூடிய ஆலையில் கையெழுத்திட ஆளைத் தேடிக் கண்டுபிடிப்பது மிகக் கடினம்.